சினைப்பைக் கட்டியும் பயாப்ஸியும்: ஸ்கேன் முதல் ரிப்போர்ட் வரை குடும்பத்துக்கு ஒரு வழிகாட்டி

கையில் ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கிறது. இடது பக்கச் சினைப்பையில் 8 செ.மீ. கட்டி, உள்ளே தடுப்புகள், ஓரிடத்தில் கெட்டியான சதை என்று எழுதியிருக்கிறது. "ஆபரேஷன் செஞ்சு எடுத்துடலாம், எடுத்ததை பயாப்ஸிக்கு அனுப்பிடலாம்" என்கிறார் டாக்டர். வீட்டில் உடனே ஒரு கேள்வி எழும். "பெரியம்மாவுக்கு மார்புல கட்டி வந்தப்ப, முதல்ல ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்துப் பார்த்தாங்களே. இதுக்கு மட்டும் ஏன் நேரா ஆபரேஷன்?"

நியாயமான கேள்வி. நான் நோய்க்குறியியல் மருத்துவர். அறுவை அரங்கிலிருந்து வரும் கட்டிகளை வெட்டிப் பார்த்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்து, அது என்ன கட்டி என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. நோயாளிகள் எங்களைப் பார்ப்பதே இல்லை. ரிப்போர்ட் வாங்க வரும் கணவரோ மகளோ அண்ணனோ கவுண்டரில் நின்று கேட்கும் கேள்விகள்தான் எனக்கும் அவர்களுக்கும் உள்ள பேச்சு. அந்தக் கேள்விகளை வைத்தே இதை எழுதுகிறேன்.

சினைப்பை விஷயத்தில் பரிசோதனையின் வரிசை மாறிப்போகிறது. முதலில் கட்டி வெளியே வரும், அப்புறம்தான் அதற்குப் பெயர் தெரியும். அதனால் கட்டி உடையாமல் வெளியே வருவதும், கெடாமல் லேபுக்குப் போய்ச் சேருவதும் மைக்ரோஸ்கோப்புக்குச் சமமான முக்கியத்துவம் உள்ளவை. அந்தக் கட்டத்தில் குடும்பத்துக்கும் வேலை இருக்கிறது.

முதல் படி: எந்த 'நீர்க்கட்டி' என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் ஊரில் 'நீர்க்கட்டி' என்ற ஒரே சொல்லை வெவ்வேறு விஷயங்களுக்குச் சொல்கிறோம். மாதவிடாய் தள்ளிப்போகும் இளம்பெண்களிடம் "சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கு" என்று சொல்வது பெரும்பாலும் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் பிரச்சினை. ஸ்கேனில் தெரிபவை முழுதாக வளராமல் நின்றுபோன சின்னச் சின்னக் கருமுட்டைப் பைகள். அவை கட்டியே இல்லை, அவற்றுக்கு பயாப்ஸியும் தேவையில்லை.

இரண்டாவது, மாதாமாதம் கருமுட்டை வெளிவரும் வேலையின் ஒரு பகுதியாகவே உண்டாகும் சாதாரண நீர்ப்பை. மாதவிடாய் இன்னும் வரும் வயதில், 5 செ.மீ.க்குள், மெல்லிய சுவரோடு, உள்ளே வெறும் நீர் மட்டும் இருந்தால் அநேகமாக 2, 3 மாதவிடாய்ச் சுழற்சிக்குள் தானே கரைந்துவிடும். அவசரப்பட்டு எடுக்க வேண்டியதில்லை. மூன்றாவது, கர்ப்பப்பையில் வரும் சதைக்கட்டி. அது சினைப்பையில் இருப்பதே அல்ல.

இவற்றைத் தாண்டியவைதான் இந்தக் கட்டுரையின் விஷயம்: உள்ளே தடுப்புகளோ கெட்டியான சதையோ காலிஃபிளவர் போன்ற முளைப்புகளோ உள்ளவை, வளர்ந்துகொண்டே போகிறவை, வயிற்றில் நீர் கோத்துக்கொண்டு வருகிறவை, மாதவிடாய் நின்ற பிறகு புதிதாகத் தெரிகிறவை. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஓ-ராட்ஸ்' என்று போட்டு ஓர் எண் இருந்தால் அதையும் கேளுங்கள். 4, 5 என்றால் சந்தேகம் கூடுதல் என்று பொருள். அப்படி வந்தால், முடிந்தவரை பெண்களுக்கான புற்றுநோய் அறுவையில் பழகிய மருத்துவரிடமே போய்விடுங்கள்.

இதற்கு நடுவில் திடீரென்று ஒரு பக்கம் தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால், கட்டியோடு சேர்ந்து சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அன்றைக்கே, அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டாம் படி: ரத்தப் பரிசோதனையை அதன் இடத்தில் வையுங்கள்

சிஏ-125 என்ற பரிசோதனையை எழுதித் தருவார்கள். 35-க்கு மேல் என்றால் கூடுதல். எண்ணைப் பார்த்ததும் இணையத்தில் தேடி, அன்று ராத்திரி தூங்காத குடும்பங்கள் எத்தனையோ. இந்த எண் எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்வரித் திசு வேறிடத்தில் வளர்வது), சதைக்கட்டி, கர்ப்பம், மாதவிடாய் நாட்கள் எனப் பல காரணங்களாலும் கூடும். மறுபக்கம், தொடக்க நிலைப் புற்றுநோயில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இது கூடாமலே இருக்கும். கூடினால் புற்று, கூடாவிட்டால் நிம்மதி என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பதின்வயதுப் பெண்ணுக்கோ இருபதுகளில் இருப்பவருக்கோ கெட்டியான கட்டி என்றால் சிஏ-125 மட்டும் போதாது. ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் என்ற மூன்று ரத்தப் பரிசோதனைகளும் ஆபரேஷனுக்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். அந்த வயதில் வரும் கட்டிகள் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. கட்டியை எடுத்த பிறகு இந்த அளவுகள் இறங்கத் தொடங்கிவிடும். முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரியாமல் போனால் ஒப்பிட ஆதாரம் இருக்காது.

நம் நாட்டில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். வயிற்றுக்குள் வரும் காசநோய் அப்படியே சினைப்பைப் புற்றுநோய் மாதிரி வேஷம் போடும். வயிற்றில் நீர், சினைப்பை அருகே கட்டி, எகிறிய சிஏ-125, மெலிந்த உடம்பு எல்லாமே இருக்கும். திசுவைப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டாலே குணமாகிற நோய் அது. இந்தச் சந்தேகம் இருந்தால், எடுக்கும் திசுவில் ஒரு துண்டை ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்) போடாமல் சலைனில் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும், அப்புறம் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையைச் செய்ய முடியாது.

மூன்றாம் படி: ஊசி ஏன் வேண்டாம் என்கிறார்கள்

"கத்தி பட்டா பரவிடும்" என்று ஊரில் சொல்வார்கள். மார்பு, கழுத்து, கல்லீரல் போன்ற இடங்களில் அந்தப் பயத்துக்காக பயாப்ஸியைத் தள்ளிப்போடுவது உயிருக்கே கேடு. அந்தப் பேச்சை நம்பாதீர்கள். ஆனால் சினைப்பைக்குள் மட்டும் அடங்கியிருக்கும் கட்டியில் ஊசி குத்துவது வேறு கதை. அது நீர் நிறைந்த பலூன் போல வயிற்றறைக்குள் தொங்கிக்கொண்டிருக்கிறது. குத்தினால் உள்ளே இருப்பது வயிற்றுக்குள் கசியும். அந்த நீரில் புற்றுச் செல்கள் இருந்தால் அவையும் சேர்ந்தே கசியும்.

இதன் விலை நோயின் நிலையிலேயே தெரியும். உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பான ஃபிகோ 2014-இல் திருத்திய வகைப்பாட்டின்படி, ஒரு சினைப்பைக்குள் உடையாமல் அடங்கிய புற்று 1ஏ. அதே கட்டி ஆபரேஷனின்போது உடைந்து கசிந்தால் 1சி1. 1ஏ-இல் பல பெண்களுக்குக் கீமோதெரபி தேவைப்படாது. 1சி என்றாகிவிட்டால் அதைப் பற்றிப் பேச வேண்டி வரும்.

சரி, துணிந்து குத்தினாலும் பதில் கிடைக்குமா என்றால் அதுவும் உறுதியில்லை. உறிஞ்சிய நீரில் செல்கள் மிகக் குறைவாக இருக்கும். கட்டியின் ஒரு மூலையில் மட்டும் புற்று இருந்தால் நீரில் ஒன்றுமே தெரியாது. "புற்றுச் செல் இல்லை" என்று நாங்கள் எழுதிக் கொடுக்கும் தாள் பொய்யான நிம்மதி ஆகிவிடும்.

ஊசியே சரியான வழியாக இருக்கும் இடமும் உண்டு. நோய் ஏற்கெனவே வயிறு முழுக்கப் பரவி, உடனே ஆபரேஷன் செய்ய முடியாத நிலை என்றால், ஸ்கேன் பார்த்துக்கொண்டே வயிற்றுக் கொழுப்புத் திரையில் படிந்த கட்டியிலிருந்து ஊசியால் சதைத் துண்டு எடுப்பார்கள். அதை வைத்துப் பெயரை உறுதி செய்து, முதலில் கீமோ கொடுத்து, அப்புறம் ஆபரேஷன். இங்கே ஊசி குத்துவது பரவிய இடத்தில்தான், சினைப்பையில் அல்ல. அது முடியாதபோது வயிற்று நீரை எடுத்து, அதிலுள்ள செல்களைத் திரட்டி மெழுகில் வைத்துப் பார்ப்பதும் உண்டு.

லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியாகச் செய்யும் ஆபரேஷன்) என்றால் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: "கட்டியைப் பைக்குள்ள போட்டுத்தானே வெளியே எடுப்பீங்க?" இதற்கென்றே உறை இருக்கிறது. இந்தக் கேள்வியை எந்த நல்ல மருத்துவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

நான்காம் படி: ஃப்ரோசன் செக்‌ஷன் பற்றி முன்னாலேயே பேசிவிடுங்கள்

சந்தேகமான கட்டி என்றால், எடுத்த கையோடு அதை அப்படியே ஈரமாக, ஃபார்மலின் போடாமல், எங்களிடம் அனுப்புவார்கள். நாங்கள் கண்ணால் பார்த்து, சந்தேகமான இடத்தில் ஒரு துண்டு வெட்டி, மைனஸ் 20 டிகிரியை ஒட்டிய குளிரில் உறைய வைத்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றிப் பார்த்துச் சொல்வோம். 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதுவரை நோயாளி மயக்கத்திலேயே இருப்பார். எங்கள் பதிலை வைத்துத்தான் கட்டியோடு நிறுத்துவதா, கர்ப்பப்பை, மறு சினைப்பை, கொழுப்புத் திரை வரை போவதா என்று முடிவாகும்.

நாங்கள் 'புற்று' என்று சொன்னால் அது தவறாவது மிக அரிது. திணறுவது இரண்டு இடங்களில்: 'பார்டர்லைன்' எனப்படும் இடைப்பட்ட கட்டி, உள்ளே கோழை நிறைந்த பெரிய கோழைக்கட்டி. 20 செ.மீ. கட்டியில் ஒன்றிரண்டு துண்டு மட்டும் பார்த்து முழுக்கட்டிக்கும் சாட்சி சொல்ல முடியாது. அதனால் ஃப்ரோசனில் பார்டர்லைன் என்று வந்தது, வாரம் கழித்து முழு ரிப்போர்ட்டில் புற்று என்று மாறலாம். அதை லேபின் பிழை என்று நினைக்காதீர்கள்.

குழந்தை வேண்டும் என்று நினைக்கும் பெண்ணாக இருந்தால் ஆபரேஷனுக்கு முந்தைய நாளே இதைப் பேசியாக வேண்டும். "ஃப்ரோசன்ல இப்படி வந்தா என்ன செய்வீங்க, அப்படி வந்தா என்ன செய்வீங்க" என்று கேட்டு, பதிலை ஒப்புதல் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். அவள் மயங்கிக் கிடக்கும்போது வெளியே நிற்கும் மாமியாரிடமோ கணவரிடமோ அவசர அவசரமாகக் கேட்டு முடிவு செய்யும் நிலை வரக்கூடாது. அது அவள் உடம்பு. எனக்கு இதில் இரண்டாம் எண்ணமே இல்லை.

ஃப்ரோசன் வசதி எல்லா ஊரிலும் இல்லை. இல்லாத இடத்தில், இளவயதுப் பெண் என்றால் பாதிக்கப்பட்ட பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு, முழு ரிப்போர்ட் வந்தபின் தேவைப்பட்டால் இரண்டாவது ஆபரேஷன் செய்வது நல்ல வழிதான். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

ஐந்தாம் படி: டப்பா

இந்தப் படிக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன். பெரிய மருத்துவமனையில் கட்டி அங்கேயே உள்ள லேபுக்குப் போய்விடும். சிறு ஊர் நர்சிங் ஹோம்களில் அப்படியில்லை. வெளியே நிற்கும் உறவினர் கையில் கட்டியைக் கொடுத்து, "லேப்ல குடுத்துட்டு வந்துடுங்க" என்பார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சாயங்காலம், பாலித்தீன் பையில் கட்டி ஒன்று வந்தது. ஃபார்மலின் இல்லை, நீர்கூட இல்லை. காலையில் நடந்த ஆபரேஷன். கொண்டுவந்த தம்பி, அக்காவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்துவிட்டு, பையை பைக்கில் மாட்டியபடியே வந்திருந்தார். மே மாத வெயில். அக்காவுக்கு 31 வயது. மைக்ரோஸ்கோப்பில் செல்கள் சிதைந்து, அவற்றின் உட்கரு தெரியாமல், வெறும் நிழலாக இருந்தன. தேறிய ஒரு மூலையை வைத்து 'பார்டர்லைனாக இருக்கலாம், உறுதி சொல்ல இயலவில்லை' என்று எழுதினேன். அந்தப் பெண் வருடக்கணக்கில் சந்தேகத்தோடு ஸ்கேன் எடுத்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. தம்பி மேல் தவறில்லை. அவரிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டப்பா வாய் அகலமாக இருக்க வேண்டும். மூடி உள்ள பிளாஸ்டிக் வாளி நல்லது. குறுகிய வாய் ஜாடியில் அமுக்கித் திணித்தால் திசு அந்த வடிவத்திலேயே இறுகிவிடும், வெளியே எடுக்கவும் வராது. உள்ளே இருக்க வேண்டியது 10% ஃபார்மலின், கட்டியின் அளவைப் போல் பத்து மடங்கு. பெரிய கட்டிக்கு அவ்வளவு ஊற்ற முடியாது என்றால், குறைந்தது கட்டி முழுக்க மூழ்கட்டும், அன்றைக்கே லேபில் சேர்ந்துவிடட்டும். ஃபார்மலின் திசுவுக்குள் மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் இறங்கும். கட்டி சீக்கிரம் எங்கள் கைக்கு வந்தால் நாங்கள் முறைப்படி திறந்து ஃபார்மலினை உள்ளே இறக்குவோம்.

பெயர், வயது, மருத்துவமனை எண், எந்தப் பக்கம், என்ன உறுப்பு என்ற விவரம் டப்பாவின் உடம்பில் ஒட்டியிருக்க வேண்டும். மூடியில் மட்டும் எழுதினால், மூடி மாறும்போது ஆளும் மாறிவிடும். வலது, இடது என்று தனித்தனி டப்பா. கூடவே கோரிக்கைச் சீட்டு: ஸ்கேனில் என்ன தெரிந்தது, ரத்தப் பரிசோதனை எண்கள், கடைசி மாதவிடாய் தேதி, முன்பு வேறு புற்றுநோய் இருந்ததா, ஆபரேஷனில் கட்டி உடைந்ததா. வெறும் 'சிஸ்ட்' என்று ஒரே சொல்லோடு வரும் சீட்டை வைத்துக்கொண்டு நாங்கள் பாதி இருட்டில் வேலை செய்கிறோம்.

ஃபார்மலின் கிடைக்கவே இல்லையா? சுத்தமான டப்பாவில் மூடி, சாதாரண குளிர்ச்சியில் வைத்து, சில மணி நேரத்துக்குள் கொண்டுவந்துவிடுங்கள். ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள், பனிக்கட்டி செல்களைக் கிழித்துவிடும். வழியில் டப்பாவைத் திறக்கவும் வேண்டாம். ஃபார்மலின் நெடி கண்ணுக்கும் மூச்சுக்கும் கெடுதல்.

அப்புறம், கட்டியை இரண்டாக வெட்டி இரண்டு லேபுக்கு அனுப்பினால் உறுதியாகத் தெரியும் என்று சிலர் நினைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். புற்று ஒரு பாதியில் மட்டும் இருந்தால் இரண்டு லேபும் இரண்டு உண்மையைச் சொல்லும், எதை நம்புவது? முழுக்கட்டியும் ஒரே லேபுக்குப் போகட்டும். இரண்டாம் கருத்துக்கு வேறு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

ஆறாம் படி: அந்த ஒரு வாரம்

"சுகர் டெஸ்ட் ஒரு மணி நேரத்துல வருது, இது ஏன் வாரக்கணக்குல?" என்று கேட்பார்கள். முதல் நாள் கட்டியை அளந்து, எடை போட்டு, மேலுறை முழுதாக இருக்கிறதா, கிழிந்திருக்கிறதா என்று பார்த்துக் குறித்துவிட்டுத் திறப்போம். உள்ளே தெளிந்த நீரா, கோழையா, சாக்லேட் நிறப் பழைய ரத்தமா, முடியும் கொழுப்புமா என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். முடியும் பல்லும் இருப்பதைப் பார்த்து, செய்வினை என்று அழுத ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். அது டெர்மாய்டு. உடம்பின் எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய முட்டைச் செல்லிலிருந்து வளர்வது. கிட்டத்தட்ட எப்போதுமே தீங்கற்றது.

ஒவ்வொரு செ.மீ.க்கும் ஒரு துண்டு என்பது பொது விதி. பெரிய கோழைக்கட்டி என்றால் இரண்டு. 15 செ.மீ. கட்டிக்கு 30 துண்டு. கருக்குழாயின் விரல் போன்ற நுனியையும் 2, 3 மில்லிமீட்டருக்கு ஒன்றாக வெட்டி முழுதாகப் பார்ப்போம். சினைப்பையின் மிகக் கொடிய புற்றுவகை பல சமயம் அந்த நுனியில்தான் பிறக்கிறது. இத்தனை துண்டும் ஆல்கஹாலில் நீர் வற்றி, மெழுகில் ஊறி, 3 முதல் 5 மைக்ரான் கனத்தில் சீவப்பட்டு, சாயம் ஏறி வர வேண்டும். சில சமயம் கட்டியின் வகையைப் பிரித்துக்காட்டும் எதிர்ப்புரதச் சாயங்கள் தேவைப்படும், அதற்கு இன்னும் சில நாட்கள்.

ஏழாம் படி: ரிப்போர்ட்டில் எதைத் தேடுவது

முதலில் பெயர், வயது, பக்கம் சரியா என்று பாருங்கள். அடுத்து கடைசியில் உள்ள முடிவுரைக்குப் போங்கள். தீங்கற்றது, பார்டர்லைன், புற்று என்ற மூன்றில் எது என்று தெளிவாக இருக்க வேண்டும். பார்டர்லைன் என்றால் செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன, ஆனால் அடியிலுள்ள திசுவை அரித்து உள்ளே இறங்கவில்லை. அது பாதிப் புற்று அல்ல. பெரும்பாலானவர்கள் நன்றாக இருப்பார்கள், பெரும்பாலும் கீமோ தேவைப்படாது, தொடர்ந்து பார்த்துவர வேண்டும்.

புற்று என்றால் எந்தக் குடும்பம் என்று பாருங்கள், சிகிச்சை அதைப் பொறுத்தது. மேலுறைச் செல்களில் பிறந்தவைதான் அதிகம்: சீரஸ், மியூசினஸ், எண்டோமெட்ரியாய்டு, கிளியர் செல். சீரஸ் என்றால் உயர்தரமா தாழ்தரமா என்று கட்டாயம் எழுதியிருக்க வேண்டும், இரண்டும் வெவ்வேறு நோய்கள் போலத்தான். முட்டைச் செல்களில் பிறந்தவை இளம்பெண்களுக்கு வருபவை. டிஸ்ஜெர்மினோமா போன்றவை கீமோவுக்கு நன்றாகவே கட்டுப்படும், பல பெண்களுக்கு மறு சினைப்பையையும் கர்ப்பப்பையையும் காப்பாற்றிவிடலாம். ஹார்மோன் சுரக்கும் திசுவில் பிறக்கும் கிரானுலோசா கட்டி மெதுவானது, ஆனால் பத்து, இருபது வருடம் கழித்தும் திரும்பலாம். நன்றாக இருக்கிறது என்று செக்கப்பை விட்டுவிடக் கூடாது.

நான்காவது, வேறு உறுப்பிலிருந்து வந்து சினைப்பையில் குடியேறியது. 1896-இல் ஜெர்மனியின் ஃப்ரெட்ரிக் குருக்கென்பெர்க் ஒருவகைக் கட்டியை விவரித்து, சினைப்பையிலேயே பிறந்தது என்று எண்ணினார். சில ஆண்டுகளில் அது பெரும்பாலும் இரைப்பையிலிருந்து வருவது என்று தெரிந்தது. இன்றும் கட்டிக்கு அவர் பெயர்தான். இரண்டு பக்கமும் கட்டி, உள்ளே கோழை என்றால் இரைப்பை, பெருங்குடல், குடல்வால் மூன்றையும் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

மேலுறை முழுதாக இருந்ததா, மேற்பரப்பில் கட்டி உண்டா, ஆபரேஷனின்போது வயிற்றறையைக் கழுவி எடுத்த நீரில் புற்றுச் செல்கள் இருந்தனவா என்ற மூன்று வரியும் நோயின் நிலையைத் தீர்மானிப்பவை. விடுபட்டிருந்தால் லேபுக்கு வந்து கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

எட்டாம் படி: பிளாக்கைப் பத்திரப்படுத்துங்கள்

ரிப்போர்ட் வெறும் தாள். உண்மையான சாட்சி மெழுகில் பதிந்த அந்தத் துண்டுகள், 'பாரஃபின் பிளாக்' என்பார்கள். லேபில் பல வருடம் வைத்திருப்பார்கள். எத்தனை வருடம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். புற்று என்றோ பார்டர்லைன் என்றோ வந்தால், சிகிச்சை தொடங்கும் முன் இரண்டாம் கருத்து வாங்குவது நல்லது. அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சிஎம்சி, மும்பை டாடா மெமோரியல் போன்ற இடங்களில் வெளி பிளாக்குகளைப் பார்த்துச் சொல்வார்கள். முதல் லேபில் கடிதம் கொடுத்து பிளாக், ஸ்லைடு, ரிப்போர்ட் நகல் மூன்றையும் கேளுங்கள். நான் எழுதிய ரிப்போர்ட்டுக்கு இரண்டாம் கருத்து கேட்டு வருகிறவர்களை நான் சந்தோஷமாகவே அனுப்புகிறேன்.

உயர்தர சீரஸ் என்றால் பிஆர்சிஏ என்ற மரபணுவில் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையும் பேச்சில் வரும். ரத்தத்திலும் பார்ப்பார்கள், கட்டியிலும் பார்ப்பார்கள். கட்டியில் பார்க்க இதே பிளாக்தான் வேண்டும். பிழை பரம்பரையாக வந்தது என்று தெரிந்தால் அக்கா, தங்கை, மகள், அண்ணன், தம்பி எல்லோருக்கும் அந்தத் தகவல் போக வேண்டும்.

பிளாக்கை எடுத்துக்கொண்டு பயணம் போகும்போது சின்ன டப்பாவில் பஞ்சு வைத்து, கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மெழுகு 60 டிகிரியை ஒட்டி உருகும். கத்திரி வெயிலில் மூடிய காரின் முன்பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் அந்தச் சூடு எளிதாக வந்துவிடும். பையோடு கையில் எடுத்துக்கொண்டே இறங்குங்கள்.